மஹிந்திரா தாரில் லைட் பார் போட்டதிலிருந்து பேட்டரி இறங்குகிறது, பிளாஸ்டிக் கருகும் வாசனை வேறு

ஆழியாறு_தோப்பு:

வணக்கம். 2022 மாடல் மஹிந்திரா தார், டீசல், 4x4, ஹார்ட் டாப். ஆழியாறு பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. எங்களுக்கு மும்முனைக் கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும், அதனால் மோட்டார் போட பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் தோப்புக்குள் போக வேண்டியிருக்கிறது. பன்றி நிற்கும், சில சமயம் அதைவிடப் பெரியதும் நிற்கும். வெளிச்சம் வேண்டும் என்பது எனக்கு ஆடம்பரம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், "எதுக்கு இதெல்லாம்" என்று ஆரம்பிக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கோவையில் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் பம்பர் மேல் ஒரு எல்இடி லைட் பாரும், கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சதுர லைட்டும் போட்டேன். அதே நாளில் டேஷ்கேமும் மாட்டிக் கொடுத்தார்கள். கடைக்காரர் பார் 300 வாட் என்றார், அட்டைப் பெட்டியில் 120 என்று இருக்கிறது. சின்ன லைட் ஒவ்வொன்றும் 30. எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள், அப்போது ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

இப்போது இரண்டு பிரச்சினை. ஒன்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்தினால் திங்கள் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை, டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. இரண்டு முறை டிராக்டர் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு எடுத்தேன். இன்னொன்று, மூன்று லைட்டையும் சேர்த்துப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓட்டினால் இடது ஃபெண்டர் பக்கமிருந்து பிளாஸ்டிக் சூடாகும் வாசனை. ஐடிலில் பார் லேசாகச் சிமிட்டுகிறது. லைட் போட்ட இரண்டாம் நாளே ஃபியூஸ் போயிற்று. கடைக்குப் போனேன், பையன் வேறொன்று மாட்டி "இனிமே போகாதுங்கண்ணா" என்றான். நேற்றுப் பார்த்தேன், பச்சைக் கலர், 30 என்று போட்டிருக்கிறது.

இதற்கு நடுவில் அடுத்ததாக இரும்பு பம்பர், வின்ச் (வண்டி சிக்கினால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் மோட்டார்), ஸ்நார்க்கல் (எஞ்சினுக்குக் காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) மூன்றுக்கும் விலை கேட்டு வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் தோப்புக்குள் கரிசல் மண் இருக்கிற மூலையில் வண்டி ஒருமுறை அச்சு வரை இறங்கி, ஜேசிபி வந்துதான் எடுத்தது. அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

நானே என்னென்ன பார்க்கலாம்? மல்டிமீட்டர் இருக்கிறது, பம்ப் செட் வேலைக்கு வாங்கியது. மறுபடி அதே கடைக்குப் போவதா வேண்டாமா?

ரிலே87:

முதலில் ஒன்று செய்யுங்கள். அந்த 30 ஆம்பியர் ஃபியூஸைப் பிடுங்கி டேஷ்போர்டில் வையுங்கள். சரி செய்யும் வரை அந்த லைட்டைப் போடாதீர்கள். பேட்டரி இறங்குவது எரிச்சல், அவ்வளவுதான். வாசனைதான் ஆபத்து. இரண்டுக்கும் ஒரே காரணமாக இருக்காது, தனித்தனியாகத்தான் தேட வேண்டும்.

வாசனையை முதலில் எடுத்துக் கொள்வோம். 120, 30, 30 சேர்த்து 180 வாட். எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட் என்றால் 13 ஆம்பியர் போகிறது. இந்த மாதிரி லைட்டோடு டப்பாவில் வரும் ஒயரிங் செட் பெரும்பாலும் 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர்தான், மேலே தடியாக பிளாஸ்டிக் இருப்பதால் கனமாகத் தெரியும். நல்ல செம்பாக இருந்தாலே அதற்கு மீட்டருக்கு 0.023 ஓம். போக மூன்று மீட்டர், திரும்ப மூன்று மீட்டர் என்று வைத்துக் கொண்டால் 0.138 ஓம். 13 ஆம்பியர் அதில் போனால் 1.8 வோல்ட் வழியிலேயே காலி. 1.8 பெருக்கல் 13, ஏறத்தாழ 23 வாட். டிவி ரிப்பேர் கடையில் இருக்கிற 25 வாட் சால்டரிங் அயர்னை நினைத்துக் கொள்ளுங்கள், அந்தச் சூட்டை நீட்டி உங்கள் ஃபெண்டருக்குள் டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். காற்றுப் படுகிற இடத்தில் தாங்கும். மற்ற ஒயரோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய இடத்திலும், மோசமான ஜாயின்ட்டிலும் தாங்காது, அங்கேதான் வாசனை வரும்.

அப்புறம் அந்த ஃபியூஸ். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஃபியூஸ் லைட்டைக் காப்பாற்ற இல்லை, ஒயரைக் காப்பாற்ற. உங்கள் ஃபியூஸ் இரண்டாம் நாளே போனது கோளாறு இல்லை, அது தன் வேலையைச் செய்தது. 30 ஆம்பியர் போட்ட பிறகு அந்த மெல்லிய ஒயரே ஃபியூஸ் ஆகிவிட்டது. எங்காவது உரசி ஷார்ட் ஆனால் பச்சை ஃபியூஸ் போவதற்கு முன்னால் ஒயர் பற்றிக்கொள்ளலாம். அது எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற ஒயருக்கு எந்தக் காவலும் கிடையாது.

அளப்பது எளிது. எஞ்சின் ஓடட்டும், ஃபியூஸை ஒரே ஒரு நிமிடத்துக்கு மாட்டி மூன்று லைட்டையும் போடுங்கள். பேட்டரி முனைகளில் எவ்வளவு, பார் லைட்டின் கப்ளருக்கு (ஒயர் சேரும் பிளக்) பின்னால் எவ்வளவு என்று இரண்டையும் எழுதுங்கள். அதற்கு அப்புறம் மீட்டரின் ஒரு முள்ளை லைட்டின் எர்த் ஒயரிலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள். அங்கே 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பத்தில் ஏழு வண்டியில் பெயின்ட் மேலேயே எர்த் போல்ட்டை இறுக்கியிருப்பார்கள், நான் பார்த்த வரையில்.

இப்போது பேட்டரி. வண்டியைப் பூட்டிய பிறகும் ஏதோ குடித்துக் கொண்டிருக்கிறது. மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, கிளாம்ப்புக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். கதவெல்லாம் மூடி, பானெட் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் தட்டி மூடியது போல ஆக்கி, சாவியைத் தூரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் டீ குடித்து வாருங்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக நேரம் எடுக்கும், உடனே பார்த்தால் தப்பாகக் காட்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போது மறந்துபோய் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். தூங்கிய வண்டி 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை காட்டலாம். அதற்கு மேல் இருந்தால், புதிதாகப் போட்டவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அதுதான் திருடன்.

என் சந்தேகம் டேஷ்கேம் மேல். எண்களைப் போடுங்கள், பார்க்கலாம்.

செக்போஸ்ட்_சார்பட்டா:

ஒயரிங்கை அவர் பார்த்துக் கொள்வார். நான் இரும்பு பம்பர் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதை வாங்கி, மாட்டி, கழற்றி, கடைசியில் எடைக்குப் போட்டவன் நான். பழைய இரும்புக் கடைக்காரன் தராசில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. அதே வருடத் திருத்தத்தில் அந்தச் சட்டத்துக்குள் 182ஏ பிரிவு வந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொன்றுக்கும் என்பதைக் கவனியுங்கள், மொத்தமாக இல்லை.

சரி, சட்டத்தை விடுங்கள், யாரும் பிடிக்கவில்லை என்றே வைத்துக் கொள்வோம். உங்கள் வண்டி 2020 நவம்பரில் குளோபல் என்கேப் விபத்துச் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது, கம்பெனி பம்பரோடு இடித்து வாங்கியது. முன்பக்கம் எப்படி மடிய வேண்டும், ஏர்பேக் எந்த நொடியில் விரிய வேண்டும் என்பதெல்லாம் அந்த அமைப்புக்கு ஏற்றபடி கணக்குப் போட்டது. அதை எடுத்துவிட்டு சேசிஸோடு நேராக ஒரு தண்டவாளத்தைக் கட்டினால், அடி மடியாமல் அப்படியே உள்ளே வரும். ஏர்பேக் சீக்கிரம் விரியுமா, தாமதமாக விரியுமா, அதை வெல்டிங் பட்டறைக்காரர் சொல்ல முடியாது. எதிரில் நடந்து வருகிறவன் கதை தனி.

பார் லைட்டுக்கும் மூடி வாங்கிப் போடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 111 முன்பக்கம் ஸ்பாட் லைட் வைப்பதைத் தடுக்கிறது. தார் ரோட்டில் எதிரே வருகிற மொபெட்காரர் கண்ணில் அதை அடிப்பவர்களை நான் மனிதர்களாகவே எண்ணுவதில்லை. தோப்பு கேட் தாண்டியதும் மூடியைக் கழற்றுங்கள்.

இன்னொன்று, இன்ஷூரன்ஸில் இதையெல்லாம் சொன்னீர்களா? வெளியில் போட்ட எலக்ட்ரிக்கல் சாமானுக்கு ஐஎம்டி 24 என்று ஒரு இணைப்பு இருக்கிறது, அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 15,000 ரூபாய் சாமானுக்கு 600 ரூபாய். அதைக் கட்டாமல் விட்டுவிட்டு, ஒயரிங்கில் தீப்பிடித்த பிறகு சர்வேயரிடம் நிற்கும் நிலைமை வேண்டாம்.

வால்பாறை40:

பம்பர் விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. வாட்டர்ஃபால்ஸ் எஸ்டேட் பக்கம் ராத்திரி பன்றி ஒன்று குறுக்கே விழுந்து எனக்கு ரேடியேட்டர், ஏசி கன்டென்சர் இரண்டும் போனது. 40 கொண்டை ஊசி வளைவுக்கு மேலே நின்றுகொண்டு டோ வண்டிக்குக் காத்திருந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். அதற்கு அப்புறம் இரும்பு போட்டேன், இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்புறம் டயர் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் 255/65 ஆர்18-லிருந்து 255/70 ஆர்18-க்குப் போனேன். விட்டம் 789 மில்லிமீட்டர் 814 ஆனது. மீட்டர் 80 காட்டினால் உண்மையில் 82.6 போகிறேன். அண்டர்பாடி அரை இஞ்ச் உயர்ந்தது, அவ்வளவுதான். பிக்அப் கொஞ்சம் குறைந்தது. பார்க்க நன்றாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

செக்போஸ்ட்_சார்பட்டா:

யாரும் கேட்டதில்லை என்பது பன்றிக்குப் பொருந்தும், மோட்டார் வாகன ஆய்வாளருக்குப் பொருந்தாது அண்ணே. ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்கு உள்பக்கம் வலை போடலாமே, அதற்கு எதையும் வெட்ட வேண்டாம்.

ஆழியாறு_தோப்பு:

அளந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது, வீட்டில் பேச்சு வேறு.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.7. லைட் பார் கப்ளரில் 11.4. மொத்தம் 2.3 வோல்ட் காணவில்லை. எர்த் பக்கம் மட்டும் 0.9. போய்ப் பார்த்தால் மூன்று லைட்டின் எர்த்தையும் ஒரே லக்கில் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) சேர்த்து, ஃபெண்டரின் பெயின்ட் மேலேயே ஒரு சின்ன தகரத் திருகாணியில் முடித்திருக்கிறார்கள். லக்கைச் சுற்றிப் பெயின்ட் பழுப்பாகியிருக்கிறது.

நிறுத்தி வைத்தபோது 0.43 ஆம்பியர். டேஷ்கேமைப் பிடுங்கினேன், 0.18 ஆனது. இன்னும் 0.15 எங்கே என்று தேடி, டேஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டால் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சுவிட்ச்) கதகதப்பாக இருக்கிறது. வண்டி பூட்டி ஒரு மணி நேரம் ஆன பிறகும்! அதைக் கழற்றினேன், 0.03.

அந்த ஃபெண்டர் பக்க ஒயரின் டேப்பையும் பிரித்துப் பார்த்தேன். வைப்பர் தண்ணீர் டேங்க்குக்குப் பக்கத்தில் ஒரு அடி நீளத்துக்குச் சிவப்பு ஒயர் காப்பிக் கலராகி, காய்ந்த புளியங்காய் ஓடு போல விரலில் உடைகிறது. கம்பெனி ஒயர்க் கற்றையும் அதோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கிறது, நல்ல வேளையாக அதன் மேல் உறைக்கு மட்டும் லேசான பாதிப்பு. பிளேடால் அந்த ஒயரைச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக இருக்கிறது. இது என்ன?

ரிலே87:

அலுமினியம். மேலே செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். செம்பைவிடத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல், வளைத்து வளைத்து ஆட்டினால் ஒடிந்தும் போகும். அதனால்தான் நான் சொன்ன 1.8-ஐ நீங்கள் தாண்டிவிட்டீர்கள். அந்த ஒரு திருகாணியில் மட்டும் 0.9 பெருக்கல் 13, ஏறக்குறைய 12 வாட் சூடு. பெயின்ட் பழுப்பாகாமல் என்ன செய்யும்.

பேட்டரிக் கதையும் புரிந்துவிட்டது. எல்லாச் சாமானுக்கும் ஒரு மெயின் ரிலே வைத்திருக்கிறார்கள், அது நல்ல யோசனைதான். ஆனால் அந்த ரிலேயை இழுக்கிற 86 முனைக்குச் சாவி போட்டால் மட்டும் வரும் கரண்டைக் கொடுக்காமல், எப்போதும் இருக்கும் கரண்டைக் கொடுத்துவிட்டார்கள். அதனால் ரிலே ராத்திரி பகலாக மூடியே இருக்கிறது, அதற்குள் இருக்கும் கம்பிச் சுருள் 0.15 குடிக்கிறது, அதன் வழியாக டேஷ்கேம் 0.25 குடிக்கிறது. வெள்ளி சாயங்காலம் ஆறிலிருந்து திங்கள் காலை ஆறு வரை 60 மணி நேரம். 0.43 பெருக்கல் 60, கிட்டத்தட்ட 26 ஆம்பியர்-மணி (ஏஎச்). 60 ஏஎச் பேட்டரி என்றால் நாற்பது சதவீதத்துக்கு மேல். தோப்புக்கும் வீட்டுக்கும் சின்னச் சின்ன ஓட்டம் ஓட்டுகிற வண்டியில் பேட்டரி ஏற்கெனவே முழுதாக ஏறியிருக்காது, டீசல் எஞ்சினைச் சுற்ற மிச்சம் எங்கே இருக்கும்?

இப்படிச் செய்யுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கேளுங்கள், வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், அதிர்வில் ஒடியும். அதில் ஒரு சாணுக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ், தண்ணீர் புகாத ஹோல்டரில். அங்கிருந்து 40 ஆம்பியர் ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு. 87-லிருந்து லைட்டுக்கு. 85 எர்த். 86-க்கு உள்ளே இருக்கும் சுவிட்சிலிருந்து மெல்லிய ஒயர் போதும், ஆனால் அந்த சுவிட்சுக்கு வரும் கரண்ட் சாவி போட்டால்தான் வர வேண்டும். டேஷ்கேமும் அப்படியே. கம்பெனி ஒயரை வெட்டாமல், ஃபியூஸ் பெட்டியில் செருகி அங்கிருந்தே கரண்ட் எடுக்கும் ஃபியூஸ் டேப் (fuse tap, ஒட்டும் டேப் இல்லை) வாங்கினால் வாரண்டி வாக்குவாதமும் வராது.

எர்த்துக்கு ஒரு கெட்டியான பாடி போல்ட்டைத் தேடி, பெயின்ட்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸோ பெயின்ட்டோ தடவுங்கள். பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே நேராகக் கட்ட வேண்டாம். அங்கே கரண்ட் சென்சார் இருக்கும் வண்டிகளில் அது சென்சாருக்குத் தெரியாமல் போகும் கரண்ட் ஆகி, சார்ஜிங் கணக்கு குழம்பும்.

ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகரச் சுவர்) துளையில் ரப்பர் குரோமெட் (வளையம்) இல்லாமல் ஒயர் போனால் தகர விளிம்பு ஆறே மாதத்தில் தின்றுவிடும். அதையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்நார்க்கல் கேட்டிருந்தீர்கள். கம்பெனியே 650 மில்லிமீட்டர் தண்ணீர் வரை என்று சொல்கிறது, அது தொடை அளவு. உங்கள் தோப்பில் அதற்கு மேல் தண்ணீர் நின்றால் முதலில் தென்னையைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஸ்நார்க்கல் போட ஃபெண்டரில் கைமுட்டி போகிற அளவுக்குத் துளை வெட்ட வேண்டும், திரும்ப மூட முடியாது, வெட்டிய விளிம்புக்கு பிரைமர் அடிக்காவிட்டால் இரண்டு மழையில் துரு. அதைப் போட்டுவிட்டு ஆழத்தில் இறங்குகிறவர்கள் ஆக்ஸிலிலும் கியர்பாக்ஸிலும் மூச்சு விடும் பிரீதர் குழாய் இருக்கிறது என்பதையே மறந்துவிடுகிறார்கள். சூடான டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் இருக்கும் கியர் பெட்டி) திடீரென்று தண்ணீரில் குளிர்ந்தால் தண்ணீரை உள்ளே இழுக்கும், ஆயிலைத் திறந்தால் பால் காபி மாதிரி வரும்.

சூரியநெல்லி_ஜீப்:

தம்பி, நான் கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். சூரியோதயம் பார்க்க வருகிறவர்களை விடியக்காலை நாலு மணிக்கு ஏற்றிக்கொண்டு போவோம். அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதைப் பாதை என்று சொல்வதே மரியாதைக்காக. எங்கள் ஸ்டாண்டில் நிற்கிற பழைய மஹிந்திரா வண்டிகளில் வின்ச் கிடையாது, ஸ்நார்க்கல் கிடையாது. லைட் இருக்கிறது, அதுவும் பனி இறங்கினால் அணைத்துவிடுவோம். வெள்ளை எல்இடியைப் பனியில் அடித்தால் முன்னால் வேட்டி காயப் போட்ட மாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. டிம் போட்டு, கீழே மஞ்சள் ஃபாக் லைட் இருந்தால் அதைப் போட்டு, தாழ்வாகப் பார்த்துப் போக வேண்டியதுதான். உங்கள் கண்ணாடி ஓரத்து லைட்டுக்கும் இன்னொரு தொந்தரவு உண்டு, வெளிச்சம் பானெட்டில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். பானெட்டில் படாத மாதிரி கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பிவிடுங்கள்.

கரிசல் மண்ணில் இறங்கிய கதைக்கு வருகிறேன். வண்டி இறங்குவதற்கு முன்னால் டயரில் எவ்வளவு காற்று வைத்திருந்தீர்கள்? ரோட்டில் ஓட்டுகிற அதே 30 சொச்சம் பிஎஸ்ஐதானே? தோப்புக்குள் போகும்போது 18, 20-க்கு இறக்குங்கள், டயர் பூனைப் பாதம் மாதிரி அகலமாக மிதிக்கும். ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) இரண்டாவது கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் அதுபாட்டுக்குப் போக விடுங்கள். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும், இன்னும் மிதித்தால் நீங்களே குழி தோண்டுகிறீர்கள். தார் ரோடு ஏறுவதற்கு முன்னால் மறக்காமல் காற்று ஏற்றுங்கள், குறைந்த காற்றில் வேகம் போனால் டயர் சூடாகி ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அதற்கு ஒரு 12 வோல்ட் காற்று பம்ப் வாங்குங்கள், உங்களுக்கு வேண்டிய முதல் சாமான் அதுதான், வின்ச் இல்லை. அதையும் சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகாமல் பேட்டரியில் நேராகக் கிளிப் போடும் மாதிரி வாங்குங்கள்.

ஊரில் பணம் கொடுத்து பிளாஸ்டிக் பலகை வாங்கி டயருக்கு அடியில் போடுகிறார்கள். நீங்கள் தென்னந்தோப்பு வைத்திருக்கிறீர்கள்! காய்ந்த மட்டையைப் பாதியாகப் பிளந்து, டயருக்கு முன்னால் குறுக்கே நெருக்கமாக அடுக்குங்கள், ஒரு சக்கரத்துக்கு ஏழெட்டு. மண்வெட்டியால் டயருக்கு முன்னால் இருக்கும் சேற்றை முதலில் வழித்துவிட்டு அடுக்க வேண்டும், இல்லையென்றால் மட்டையும் சேர்ந்து உள்ளே போகும்.

வின்ச் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒன்று. 9,500 பவுண்டு வின்ச் முழுப் பாரம் இழுக்கும்போது 400 ஆம்பியர் வரை கேட்கும், உங்கள் பேட்டரி இப்போது இருக்கிற லட்சணத்தில் வின்ச்சும் வராது, வண்டியும் வராது. அந்த 9,500-ம் கயிறு சுற்றியிருக்கும் டிரம்மில் கடைசி அடுக்கு மட்டும் மிச்சம் இருக்கும்போது கிடைக்கிற கணக்கு. தென்னையில் கட்டும்போது கயிற்றை நேராகச் சுற்றாதீர்கள், பட்டைப் பெல்ட் போட்டு அடியோடு அடியாகக் கட்டுங்கள். இழுக்கும்போது கயிற்றுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, கயிற்றின் மேல் ஒரு நனைந்த சாக்கு போடுங்கள். டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் பெல்ட்டை மாட்டி இழுத்தால் அது பிய்ந்து பீரங்கிக் குண்டாக வரும். சேசிஸில் போல்ட் போட்ட கொக்கியில் மட்டும் மாட்டுங்கள்.

வால்பாறை40:

மட்டை யோசனை அருமை அண்ணே. ஆனால் வால்பாறையில் எனக்குத் தென்னைக்கு எங்கே போக, தேயிலைதான் இருக்கிறது.

சூரியநெல்லி_ஜீப்:

சாக்கு, தம்பி. இரண்டு பழைய சணல் சாக்கு வண்டியிலேயே கிடக்கட்டும்.

ஆழியாறு_தோப்பு:

முடித்துவிட்டேன், ஆனால் தனியாக இல்லை. அதே கடைக்குப் போகவில்லை. பொள்ளாச்சியில் டிராக்டர் டைனமோ பார்க்கிற ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார், ரிலே87 எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எழுதுனவரு பட்டறைக்காரருங்க" என்றார். பழைய ஒயரை எல்லாம் உருவி, 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், ஸ்லீவ், 20 ஆம்பியர் ஃபியூஸ், கிரிம்ப் செய்த லக், எர்த்துக்கு ஃபெண்டரை விட்டுவிட்டு பேட்டரித் தட்டுக்குக் கீழே இருக்கும் பாடி போல்ட். ஃபயர்வாலில் குரோமெட் இல்லை, நீங்கள் சொன்னது போலவே ஒயர் மேல் தோல் ஒரு இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. சாமானும் கூலியும் சேர்த்து 2,300 ரூபாய் ஆனது. கம்பெனி ஒயர்க் கற்றைக்கும் புது டேப் சுற்றிக் கொடுத்தார்.

இப்போது பேட்டரியில் 13.8, பாரில் 13.4. எர்த்தில் 0.05. பூட்டிய பிறகு 0.03 ஆம்பியர். பாரின் வெளிச்சமும் கூடிவிட்டது, இத்தனை நாள் அரைப் பட்டினியில் எரிந்திருக்கிறது பாவம். சிமிட்டல் இல்லை. நேற்று ராத்திரி அரை மணி நேரம் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்து ஒயரைப் பிடித்துப் பார்த்தேன், கை வைத்த இடமெல்லாம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

பம்பர் ஆர்டரை நிறுத்திவிட்டேன், வால்பாறை அண்ணன் மன்னிக்கவும். கிரில்லுக்குள் வலை மட்டும் போடப் போகிறேன். ஸ்நார்க்கல் வேண்டாம். காற்று பம்ப் வாங்கியாயிற்று. இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது லைட்டையும் கேமையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மட்டைக்கு மழை வர வேண்டும் என்று காத்திருக்கவில்லை. வாய்க்கால் தண்ணீரை அந்தக் கரிசல் மூலையில் திருப்பிவிட்டு, டயரில் 18 வைத்து இறக்கினேன். முதல் தடவை மட்டை இல்லாமலே ஏறி வந்தது. இரண்டாம் தடவை வேண்டுமென்றே மிதித்துச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, இறங்கிய பிறகு மண்வெட்டியும் மட்டையும். மூன்றாவது முயற்சியில் வெளியே வந்துவிட்டது, மட்டையெல்லாம் நார் நாராகி பின்னால் பறந்தது. பின்னால் நின்றிருந்த எங்கள் தோட்டக்காரர் தலையிலிருந்து கால் வரை சேறு, அவரிடம்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

சூரியநெல்லி_ஜீப்:

பின்னால் ஆள் நிற்கக் கூடாது என்று சொல்ல விட்டுப் போயிற்று தம்பி. அவருக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுங்கள்.